மணியடித்தால் வரக்கூடாது

மீனுக்குக் காது கேட்கும் என்று எனக்கு முதன்முதலில் சொன்னவள் எங்கள் பள்ளியின் சத்துணவு ஆயா மாதம்மாள். இந்த ஒரு வரியை எனக்குள்ளேகூடத் தயங்காமல் சொல்லிக்கொள்ள முப்பத்தைந்து ஆண்டுகள் ஆயின. அவள் இப்போது எனக்குப் பத்தடி தள்ளிப் பாறைமேல் அமர்ந்து வெற்றிலைக் காம்பைக் கிள்ளிக்கொண்டிருக்கிறாள். எங்கள் இருவருக்கும் கீழே, ஏழுபாறை மடுவின் ஓரத்தில் வலை கட்டி அடைத்திருக்கும் சிறிய வளைவுக்குள், ஐந்து பிளாஸ்டிக் பைகள் கால்பங்கு நீரும் முக்கால்பங்கு ஆக்சிஜனுமாக உப்பிக்கொண்டு காவிரியில் மிதக்கின்றன. அவற்றுக்குள் முப்பத்தெட்டு யானைக்கெண்டைக் குஞ்சுகள். பையின் நீருக்கும் ஆற்றின் நீருக்கும் சூடு ஒன்றாகும்வரை பைகளை அவிழ்க்கக் கூடாது. சட்டென்று மாற்றினால் குஞ்சுகள் அதிர்ச்சியிலேயே செத்துப்போகும். ஆகவே அரைமணி நேரம். ஒன்பது பத்துக்கு மிதக்கவிட்டோம். இப்போது ஒன்பது பதின்மூன்று. ஒன்பது நாற்பதுக்கு அவிழ்ப்போம், ஒன்பது ஐம்பதுக்கு என் மடியிலிருக்கும் இந்தப் பித்தளைக் கைமணியை நான் மூன்று முறை அடிப்பேன், ஒன்றுகூட வரக்கூடாது. வருவது எதுவோ அதைக் கைவலையால் அள்ளி வாளியில் போட்டுப் பண்ணைத் தொட்டிக்கே திருப்பி அனுப்பிவிட வேண்டும். ஐந்துக்கு மேல் வந்தால் முப்பத்தெட்டும் தொட்டிக்குத்தான், ஆயுள் முழுவதும். வராமலிருந்தால் வலையை உயர்த்துவோம். அதன்பிறகு ஆறு அவற்றுடையது. அவ்வளவுதான் தேர்வு. மணியடித்தால் வந்து வரிசையில் நிற்கும்படி முப்பத்துநான்கு ஆண்டுகள் பிள்ளைகளைப் பழக்கிய கை இது. மணியடித்தால் வராதே என்று கற்பிக்கும் வகுப்பு அதற்குக் கடைசியில் வாய்த்திருக்கிறது. நேரத்துக்கு முன் ஒலித்துவிடக் கூடாதென்று மணியின் நாக்கைக் கைக்குட்டையால் சுற்றிக் கட்டி வைத்திருக்கிறேன். முடிச்சை நான்காவது முறையாகத் தொட்டுப் பார்க்கிறேன். இருக்கிறது. இருக்கிறது என்று தெரிந்தும் தொடுகிறேன்.

“என்னங்க டீச்சர், பரிட்ச எழுதறது மீனு, முடிச்சத் தடவறது நீங்களா?” என்கிறாள் மாதம்மாள். முடிச்சு தளர்ந்திருந்தது என்று சொல்லலாம். சொன்னால் அதற்கும் ஒன்று வைத்திருப்பாள். அவளிடம் எப்போதும் ஒன்று இருந்தது. அன்றும் இப்படித்தான், இதே பாறைக்குக் கொஞ்சம் கீழே, பள்ளியின் பெரிய அலுமினிய அண்டாவைச் சாய்த்து வைத்துக்கொண்டு, கரண்டியால் அதன் விளிம்பைத் தட்டித் தட்டி, “டீச்சருங்க, கொஞ்சம் வந்து பாருங்க, இதுங்களுக்குக் காது கேக்குது” என்றாள். நான் நோட்டுத் திருத்திக்கொண்டிருந்த சிவப்பு மை விரலோடு இறங்கிப் போனேன். மீனுக்குச் செவி கிடையாது மாதம்மா, ஆறாம் வகுப்பு அறிவியல் பாடத்திலேயே இருக்கிறது என்றேன். பாடத்தில் இருந்தது ‘புறச்செவி இல்லை’ என்பது. நான் ‘புற’ என்பதை விழுங்கினேன். அவசரமா, அகம்பாவமா, இன்றுவரை தெளிவில்லை. “பாடத்துல இருக்கறது மீனுக்குத் தெரியுமாங்க?” என்று கேட்டுவிட்டு அவள் மறுபடி தட்டினாள். மடுவின் நடுவில் நீர் முதலில் கறுத்தது. பிறகு அந்தக் கறுப்புக்கு முதுகுகள் உண்டாயின. தலைக்குப் பின்னால் எருதின் திமில்போல ஏறிய முதுகுகள், நெருப்பை நனைத்துப் பிழிந்தாற்போன்ற துடுப்புகள், தடித்த உதடுகளின் ஓரம் இரண்டிரண்டு மீசைகள். ஒன்றின் செதில் என் உள்ளங்கை அளவு இருந்தது. அவை சோற்றுப் பருக்கைகளை விழுங்கவில்லை, உறிஞ்சின. வாயில் பல் இல்லை, தொண்டையில்தான் பல், நண்டையும் சிப்பியையும் அங்கேதான் நொறுக்கும் என்பதெல்லாம் பின்னால் படித்தது. அன்று கண்டது ஒன்றுதான்: தட்டினாள், வந்தன. என் நெஞ்சில் அப்போது எழுந்தது வியப்பு என்று சொல்ல ஆசை. இல்லை. ஓர் ஆயா சொல்லி நான் தெரிந்துகொள்வதா என்பதே எழுந்தது. கரண்டியால் தட்டுவது சோதனை ஆகாது, முறைப்படி செய்ய வேண்டும் என்று சொல்லி, அடுத்த திங்கட்கிழமை ஏழாம் வகுப்பை வரிசையாக அழைத்து வந்தேன். பள்ளியின் கைமணி. தினமும் மூன்றேகாலுக்கு மூன்று அடி, உடனே சோறு. பதினொரு நாள் மணியும் சோறும். பன்னிரண்டாம் நாள் மணி மட்டும். வந்தன. பிள்ளைகள் கைதட்டினார்கள். மணியடித்த மாணவன் செங்கோடன், மெலிந்த உடம்பு, நேரம் தவறாதவன், அதனால்தான் அவனிடம் மணியைக் கொடுத்தேன்.

ஒன்பது பத்தொன்பது. ரிஸ்வானா முழங்காலளவு நீரில் நின்று ஒவ்வொரு பையின்மேலும் தெர்மாமீட்டரை வைத்துப் பார்க்கிறாள். காயல்பட்டினத்துப் பெண், மீன்களைப் படிக்கவென்றே இந்த ஆற்றோரம் வந்து ஆறாண்டுகளாக இருக்கிறாள். “டீச்சர், ரெண்டு டிகிரி வித்தியாசம் இருக்கு இன்னும். வெயில் ஏறுது, குடை எடுத்துட்டு வரட்டுமா?” வேண்டாம் அம்மா, என் நிழல் தண்ணீரில் விழ வேண்டும் என்கிறேன். அதுவும் பாடத்தில் ஒரு பகுதி. நான்கு மாதங்களுக்கு முன்பே இவை இங்கு வந்திருக்க வேண்டியவை. பண்ணையில் வேலை செய்த ஒரு நல்ல மனிதர், மீனுக்குத் தீனி போடுகிற எல்லாரும் செய்வதைத்தான் அவரும் செய்தார். போடுவதற்கு முன் தகர டப்பாவை இரண்டு தட்டுத் தட்டினார். ஏனென்று கேட்டால் சும்மா, கூப்பிட்டுப் போடுவதுதானே மரியாதை என்றார். ஆற்றில் விடப்போகும் நாளில் வண்டியின் கதவு சாத்திய சத்தத்துக்கே குஞ்சுகள் ஒரு பக்கமாகத் திரண்டு வாயைத் திறந்தன. ரிஸ்வானா அன்று மாலை என் வீட்டு வாசலில் வந்து நின்றாள். “பழக்கினவங்களைக் கேட்டா பழக்கத்தை எடுக்கவும் தெரியும்னு நெனச்சேன் டீச்சர்” என்றாள். யார் சொன்னார்கள் என் வீட்டை என்றேன். மாதம்மாள் சொன்னாளாம். அதன்பின் நூற்றுப்பன்னிரண்டு நாட்கள். தீனி இனிமேல் ஓசையில்லாமல், நேரம் மாற்றி மாற்றி, ஆள் தெரியாமல், குழாய் வழியே தொட்டியின் அடியிலிருந்து வரும். மணி அடித்தால் தீனி வராது. மணி அடித்ததும் என் நிழல் விழும், கையிலிருக்கும் பிரம்பு தண்ணீரை அறையும். பணிக்காலம் முழுவதும் பிரம்பைத் தொடாதவள் என்பது என் பெருமைகளில் ஒன்று. எழுபத்துநான்காம் வயதில் தொட்டேன். முதல் நாள் அவை சிதறி மூலைகளில் ஒட்டிக்கொண்டதைப் பார்த்து வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் படுத்தேன். பயப்படக் கற்றுக்கொடுப்பதும் ஒரு பாதுகாப்புதான் என்று ரிஸ்வானா சொன்னாள், சரிதான், ஆனால் அதைச் சொல்லி ஒரு பள்ளிக்கூடம் நடத்த முடியுமா? முப்பதாம் நாள் இருபது வந்தன. அறுபதாம் நாள் ஒன்பது. தொண்ணூறாம் நாள் இரண்டு. கடைசிப் பத்து நாட்களில் எட்டு நாள் ஒன்றும் வரவில்லை, இரண்டு நாள் ஒன்று வந்தது, இரண்டு நாளும் அதே ஒன்று. வாலின் மேல்நுனியில் சின்ன வெட்டு. மூன்றாவது பையில் இருக்கிறாள். இந்த வயதில் ஆணா பெண்ணா என்று தெரியாது டீச்சர் என்று ரிஸ்வானா இருமுறை திருத்தியிருக்கிறாள், ஒப்புக்கொண்டேன், ஆனாலும் அவள்தான். எடையில் முதலிடம், நாற்பத்தாறு கிராம். மற்றவை பயந்து ஒதுங்கும்போதும் பிரம்பின் நிழலுக்கடியில் வந்து என்னை அண்ணாந்து பார்த்தவள். ஒவ்வொரு வகுப்பிலும் அப்படி ஒருத்தி இருந்தாள். அடங்காதவள் என்றுதான் மதிப்பீட்டுப் பதிவேட்டில் எழுதியிருப்பேன். அடங்காதவள் என்பதா, விசுவாசமானவள் என்பதா? பார், மறுபடி பைகளை எண்ணுகிறேன். ஐந்து. மூன்றாவது எங்கே? பாறையோரம் ஒதுங்கி நிற்கிறது. ஐந்தும் இருக்கின்றன.

பன்னிரண்டாம் நாள் வந்தன என்பதோடு நிறுத்தியிருக்கலாம். மீனுக்குக் காது கேட்கிறது, மாதம்மாள் சொன்னது சரி என்று ஏழாம் வகுப்பில் ஒரு வரி சொல்லிவிட்டு மணியை மேசையில் வைத்திருக்கலாம். நான் அதை அட்டையில் வரைந்தேன், அட்டவணை இட்டேன், மாவட்ட அறிவியல் கண்காட்சிக்குக் கொண்டுபோனேன். முதற்பரிசு. அட்டையின் அடியில், ‘கண்டறிந்தவர்: தலைமையாசிரியை கமலவேணி’, அதற்கும் கீழே சின்ன எழுத்தில், ‘உதவி: பள்ளிப் பணியாளர்.’ பெயர்கூடப் போடவில்லை. இடம் போதவில்லை என்று அப்போது நினைத்துக்கொண்டேன். இடம் இருந்தது, கோப்பையைப் படமாக வரைந்து நிரப்பியிருந்தேன். பத்திரிகையில் படம் வந்தது, மணியோடு நான், பின்னால் மடு. அதன்பிறகு கல்வி அதிகாரி வந்தால் மணி, அவருடைய மனைவி மக்கள் வந்தால் மணி, ஞாயிற்றுக்கிழமை பரிசலில் வருகிறவர்கள் கேட்டாலும் மணி. நான்காண்டுகள். நான் அடிக்க, அவை வர, சுற்றி நின்றவர்கள் ‘அடடா’ என்க, அந்த ‘அடடா’வுக்கு என் தலை கொஞ்சம் நிமிரும். “தெனம் இத்தன பேரு முன்னாடி கூப்புட்டுக் காட்டாதீங்க டீச்சர், கண்ணு பட்டுரும்” என்றாள் மாதம்மாள் ஒருநாள். மூடநம்பிக்கை என்றேன். கண் அல்ல, காது என்று அவளுக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. நான்காம் ஆண்டு மாசி மாதம், ஆறு மெலிந்து, இந்த மடு ஒன்றில் மட்டும் ஆழம் மிச்சமிருந்தது. வறண்ட காலத்தில் மேலும் கீழும் பத்து மைல் ஆற்றின் பெரிய மீன்கள் எல்லாம் இப்படி ஓரிரு மடுக்களில் வந்து ஒண்டிக்கொள்ளும். மழை வந்து வெள்ளம் புரண்டால்தான் மேலேறிப் போய்க் கூழாங்கல் படுகையில் முட்டையிடும். அதாவது அந்த மாதத்தில் மடு என்பது ஒரு பள்ளி அல்ல, மாவட்டத்தின் எல்லாப் பள்ளிகளும். சனிக்கிழமை காலை பத்துமணி. பள்ளி விடுமுறை. நான் வீட்டில் புடவைக்குக் கஞ்சி போட்டுக்கொண்டிருந்தேன். மணிச்சத்தம் கேட்டது, மூன்று அடி. கை கஞ்சிக்குள் இருந்தபடியே, இன்று சனிக்கிழமையாயிற்றே என்று நினைத்தேன். அந்த நினைப்பு முடிவதற்குள் வெடி.

வெடி என்பதை நினைக்கும்போது எனக்கு ஒலி நினைவுக்கு வருவதில்லை, கஞ்சியின் மேல் எழுந்த வட்டம்தான் வருகிறது. பாத்திரத்தில் ஒரு வட்டம் எழுந்து ஓரத்தைத் தொட்டு அடங்கியது. ஓடினேன். செருப்பில்லை. இந்தப் பாறைகள் முழுவதும், ஒன்றன்மேல் ஒன்றாக, வயிறு வெடித்து, சில இன்னும் வாயைத் திறந்து மூடிக்கொண்டு. மீனுக்கு வெடித்தோட்டா வைத்தவர்கள் நான்குபேர். பாதியைச் சாக்கில் கட்டுவதற்குள் வனக்காவலர்கள் அவர்களைப் பிடித்து உட்கார்த்திவிட்டிருந்தார்கள். மகஜர் எழுத ஊரில் படித்த சாட்சி ஒருவர் வேண்டும் என்றார்கள். நான்தானே தலைமையாசிரியை. மாதம்மாள் ஒரு முனையையும் காவலர் ஒரு முனையையும் பிடிக்க, ஒவ்வொன்றாகத் தராசில் ஏற்றினார்கள். நான் நின்றுகொண்டே எழுதினேன், பிழையில்லாமல், நேர் வரிசையில். அறுபத்தோரு மீன்கள். பெரியது முப்பத்தோரு கிலோ, பெண், வயிற்றில் முட்டை மஞ்சள் மஞ்சளாகத் திரண்டிருந்தது. மொத்தம் நானூற்றுப்பன்னிரண்டு கிலோ. வெடிபட்டவற்றில் மிதப்பதைவிட மூழ்குவது அதிகம். அடியில் கிடந்தவை எந்தக் கணக்கிலும் இல்லை. கைப்பற்றிய பொருட்கள்: சாக்கு ஒன்பது, தோட்டா இரண்டு, திரி ஒரு சுருள், பித்தளைக் கைமணி ஒன்று. மணி என்று எழுதும்போதுதான் நிமிர்ந்தேன். உட்கார வைத்திருந்த நால்வரில் ஒருவன் என்னைக் கண்டு எழுந்து நின்றான். கைகள் கட்டியிருந்தன. பதினேழு வயது, மீசை அரும்பிவிட்டது, ஆனாலும் தெரிந்துவிட்டது. பூட்டை உடைத்து மணியை ஏன் எடுத்தாய் செங்கோடா என்று கேட்டேன். வகுப்பில் எழுந்து பதில் சொல்வானே, அதே போல, நேராக நின்று, குரலில் கேலி இல்லை, பகை இல்லை: “மணியடிச்சா வரும்னு நீங்கதானே டீச்சர் சொல்லிக் குடுத்தீங்க.” பதில் சரி. முழு மதிப்பெண். முப்பத்தோரு ஆண்டுகளாக அந்த விடைத்தாளை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வதென்று தெரியாமல் இருக்கிறேன். தண்டனை முடிந்து அவன் திருப்பூருக்குப் போனான், கல்யாணப் பத்திரிகை அனுப்பினான், நான் போகவில்லை. அவன்மேல் கோபமென்று ஊர் நினைத்தது. அவன் முகத்தைப் பார்த்தால் அந்த வாக்கியத்தை இன்னொரு தடவை சொல்லிவிடுவானோ என்ற பயம். வழக்கு முடிந்து ஆறாம் ஆண்டில் மணி திரும்பி வந்தது, கழுத்தில் எண் எழுதிய சீட்டோடு. பள்ளிக்குப் புதிய மணி ஒன்று வாங்கி வைத்துவிட்டு இதை நான் வீட்டுக்குக் கொண்டுபோனேன். அலமாரியில், புடவைகளுக்கு அடியில். அடித்ததில்லை, ரிஸ்வானா வரும்வரை.

ஒன்பது முப்பத்தொன்று. ரிஸ்வானா ஒரு டிகிரிதான் டீச்சர் என்கிறாள். அவள்தான் எனக்குப் படம் போட்டுக் காட்டினாள்: மீனின் வயிற்றில் காற்றுப்பை, அந்தப் பைக்கும் உட்செவிக்கும் நடுவே, சங்கிலிபோல, நான்கு இணைச் சிறிய எலும்புகள். நீரில் எங்கோ எழும் அதிர்வு முதலில் காற்றுப்பையைத் தொடும், பை நடுங்கும், எலும்புகள் அந்த நடுக்கத்தைச் செவிக்குக் கடத்தும். கெண்டை, கெளுத்தி இனங்களுக்கு உள்ள அமைப்பு. “காது இல்லைன்னு இல்லை டீச்சர், பாதி உடம்பே காதுதான்” என்றாள். அப்படியானால் வெடி அந்த உடம்புக்கு என்னவாக இருந்திருக்கும் என்று நான் கேட்கவில்லை. கேட்காததை அவள் புரிந்துகொண்டு படத்தை மடித்து வைத்தாள். நல்ல பெண். எங்கள் பாடப்புத்தகத்தில் அந்த நான்கு எலும்புகள் இல்லை. இருந்திருந்தால் நான் மாதம்மாளிடம் அப்படிப் பேசியிருக்க மாட்டேன் என்று சொல்லிக்கொள்ளலாம். பேசியிருப்பேன். வேறொன்றைச் சொல்லிப் பேசியிருப்பேன். ஆற்றுக்கு நல்லது செய்யப் போய்க் கெடுத்தவள் நான் ஒருத்தி மட்டுமல்ல என்பதும் ரிஸ்வானா சொல்லித் தெரிந்ததுதான். எங்கிருந்தோ வேறோர் ஆற்றின் உறவினத்தைப் பண்ணையில் பெருக்கி லட்சக்கணக்கில் இங்கே கொண்டுவந்து விட்டார்கள், மீன் குறைகிறதே என்ற அக்கறையில். வந்தவை பெருகின, இந்த மண்ணின் திமிலுள்ளவை ஒதுங்கின. அக்கறை எப்போதும் அள்ளிக் கொட்டுகிறது. இந்த மீனோ மெதுவானது. வளர நாலைந்து ஆண்டு, முட்டையும் அளவாக, அதுவும் ஓடும் நீரும் சரளையும் குளிர்ச்சியும் ஒன்றாக அமைந்தால்தான். இந்த முப்பத்தெட்டுக்குத் தாய் ஒன்றுதான், பிடித்து, சினை எடுத்து, பத்திரமாகத் திருப்பி விட்டார்கள். இவற்றின் முதுகில் திமில் ஏறும்போது நான் இருக்க மாட்டேன். எண்பதில் இருக்கலாம். எண்பத்தைந்தில்? முழங்கால் இப்போதே பாறையில் மடங்க மறுக்கிறது. இருந்தாலும் மடு கலங்கலாக இருக்கும், கண் தெரியாது, மணியடித்துக் கூப்பிட்டுப் பார்க்கவும் முடியாது. கூப்பிட்டு அவை வந்தால் நான் தோற்றேன். அவை நன்றாக இருக்கின்றன என்பதற்கு அடையாளமே அவற்றை நான் காணாதிருப்பதுதான். இப்படி ஒரு வகுப்பை யார் எடுப்பார்கள். “டீச்சர் மூஞ்சியப் பாரு, பொண்ண மாமியா வூட்டுக்கு அனுப்பற மாதிரி” என்று மாதம்மாள் ரிஸ்வானாவிடம் சொல்கிறாள். உனக்குப் பயமில்லையா மாதம்மா என்கிறேன். வெற்றிலையை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்கு மாற்றுகிறாள். “அன்னைக்குத் தராசுல தூக்கிப் போட்டது இந்தக் கையிதானுங்களே. பயமில்லாமயா காலங்காத்தால வந்து குந்தியிருக்கேன்? நீங்க வாயில முணுமுணுக்கறீங்க, நான் வெத்தல போடறேன்.”

ஒன்பது நாற்பது. ரப்பர் பேண்டுகள் அவிழ்கின்றன. பையின் வாயைச் சாய்த்து ஆற்று நீரைக் கொஞ்சம் உள்ளே விட்டு, பொறுத்து, மறுபடி கொஞ்சம், பிறகு சாய்த்துப் பிடிக்கிறாள் ரிஸ்வானா. குஞ்சுகள் உடனே வெளியே பாய்வதில்லை, வாசலில் நிற்கின்றன, முதல்நாள் வகுப்பில் பிள்ளைகள் கதவருகே நிற்பார்களே அதுபோல. பிறகு ஒன்று, பிறகு எல்லாம். சாணுக்குக் கொஞ்சம் குறைந்த உடல்கள் சரளையின் நிறத்தில் கரைகின்றன. மூன்றாவது பை. வெட்டுவால் கடைசியாக வருகிறாள், பாறை நிழலுக்குப் போகிறாள். போ. அங்கேயே இரு. பத்து நிமிடம் என்பது இவ்வளவு நீளமா? ஐம்பது நிமிடப் பாடவேளைகளை நாற்பதாயிரத்துக்கு மேல் முடித்தவள் நான். நான்கு நிமிடம். ஒரு நீர்க்காகம் எதிர்ப்பாறையில் இறக்கையை விரித்துக் காயவைக்கிறது. ஏழு நிமிடம். கைக்குட்டையின் முடிச்சு இறுகிக்கிடக்கிறது, நகத்தால் நெம்ப வேண்டியிருக்கிறது, நனைந்துவிட்டதா, வியர்வையா. ஒன்பது ஐம்பது. ரிஸ்வானா வலையின் வெளிமுனையைப் பிடித்துக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பி நிற்கிறாள். ஓரத்தில் எங்கேயாவது தூக்கியிருக்கிறதா என்று பார்க்கிறாள். அடிக்கிறேன். ஒன்று. மடு அசையவில்லை. இரண்டு. நீருக்கடியில் முப்பத்தெட்டுக் காற்றுப்பைகள் நடுங்கியிருக்கும், நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட எலும்பிணைகள் அந்த நடுக்கத்தைக் கொண்டுபோயிருக்கும், கேட்கிறது, நிச்சயமாகக் கேட்கிறது, கேட்டும் வரவில்லை, சரளையின் மேலிருந்த நிழல்கள் கலைந்து ஆழமான பக்கம் ஒதுங்குகின்றன, என் பிள்ளைகள். மூன்று. ஒலி எதிர்ப்பாறைக்குப் போய்த் திரும்பி வருகிறது. நீர்க்காகம்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. தேர்ச்சி என்று நெஞ்சு சொல்லும் அதே கணத்தில் ஏதோ ஒன்று உள்ளே வெறிச்சோடுகிறது, வராண்டாவில் மணியடித்துவிட்டு நிற்கிறேன், ஒரு பிள்ளையும் இல்லை. அப்போது, என் புடவையின் நிழலுக்குக் கீழே, கால் விரல்களுக்கு ஒரு சாண் தள்ளி, அவள். வாலில் வெட்டு. அண்ணாந்து பார்க்கிறாள். உதடுகள் திறக்கின்றன, மூடுகின்றன.

பிரம்பைக் கொண்டுவரவில்லை. காலால் தண்ணீரைத் தட்டலாம், தட்டினால் ஓடிவிடுவாள், ஓடினால் வரவில்லை என்றே ஆகும். ரிஸ்வானா இன்னும் அந்தப் பக்கம்தான் திரும்பியிருக்கிறாள். நான் திரும்பி மாதம்மாளைப் பார்க்கிறேன். அவள் பார்த்துவிட்டாள், எப்போதும் அவள்தான் முதலில் பார்க்கிறாள். பார்த்துவிட்டு, ஆற்றின் மேல்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு, மெதுவாகச் சொல்கிறாள்: “நான் ஒண்ணும் பாக்கலீங்க டீச்சர்.” முப்பத்தைந்து ஆண்டுகளில் அவள் எனக்குத் தந்த எல்லாவற்றிலும் இது பெரிது, அட்டையில் பெயர் போடாதவளுக்கு இதைத் தருகிறாள். ஒன்றுதானே. முப்பத்தெட்டில் ஒன்று. நாற்பத்தாறு கிராம். ஆறு பெரியது, வெள்ளம் வந்தால் மணியெல்லாம் மறந்துபோகும். தொட்டியின் நான்கு சுவருக்குள் இவள் எத்தனை ஆண்டு சுற்றுவாள்? இருபது? நான் போன பிறகும் சுற்றுவாளா? ஆனால் இவை கூட்டமாகத் திரிபவை. ஒன்று திரும்பினால் பத்து திரும்பும். அன்று அறுபத்தொன்றும் ஒரே நாளில் பழகவில்லை. முதல் நாள் கரண்டிச் சத்தத்துக்கு வந்தது ஏழெட்டுத்தான். மற்றவை அவற்றைப் பார்த்து வந்தன. யாரோ ஒருவன், எங்கோ ஒரு மாசியில், ஒரு தகரத்தைத் தட்டுவான். இவள் போவாள். இவளுக்குப் பின்னால் முப்பத்தேழும் போகும். நான் பார்த்தேனே மாதம்மா என்கிறேன். கைவலையை எடுக்கிறேன். இரண்டு கையாலும் வலையை நீருக்குள் தாழ்த்தி அவளுக்கு அடியில் கொண்டுபோகிறேன். அவள் ஒதுங்கவில்லை, தானாகவே நீந்தி அதற்குள் வருகிறாள், அழைத்ததற்கு வந்தவள்போல. வந்தாயே என்கிறேன், யாருக்கும் கேட்காமல். நூற்றுப்பன்னிரண்டு நாட்களும் நான் சொன்னதில் ஒன்றையும் கேளாத நீ ஒருத்திதான் வந்தாய். வாளியில் விடும்போது என் முகத்தில் தண்ணீர் அடிக்கிறாள். துடைத்துக்கொள்ள வேண்டியதாகிறது, கொஞ்சம் அதிக நேரம். “ஒண்ணா டீச்சர்? ஒண்ணே ஒண்ணுதானா?” ரிஸ்வானா தண்ணீரைச் சிதறடித்துக்கொண்டு ஓடிவருகிறாள், “அப்போ பாஸ் டீச்சர், பாஸ்!” “தொட்டிய நான் வந்து கழுவறேன், அதுக்கு ஒரு தொண வேணுமில்ல” என்று மாதம்மாள் வாளிக்குள் எட்டிப் பார்க்கிறாள், “யம்மா, டீச்சர் மாதிரியே மொறைக்குது.” வலை உயர்கிறது. ஒரு கணம் ஒன்றும் நிகழவில்லை. பிறகு சரளையின் நிறம் நகர்கிறது, ஆழத்தின் நீலத்துக்குள் போகிறது, மடு மடுவாக இருக்கிறது. குறித்துக்கொள்ளட்டுமா என்று ரிஸ்வானா நோட்டைத் திறக்கிறாள். குறித்துக்கொள் என்கிறேன். கண்டறிந்தவர் என்ற இடத்தில் மாதம்மாள் என்று எழுது, முழுப்பெயர், எம். மாதம்மாள், சத்துணவுப் பணியாளர், ஓய்வு. அதன் கீழே: நேற்று எடைபோட்டபோது முப்பத்தெட்டும் சேர்ந்து ஆயிரத்து ஐந்நூற்றிருபத்தாறு கிராம், திரும்பியது ஒன்று, நாற்பத்தாறு கிராம், கழி. ஆற்றுக்கு நான் தரவேண்டியது நானூற்றுப்பன்னிரண்டு கிலோ. இன்று, தை பதினொன்றாம் தேதி, காலை பத்து மணிவரை திருப்பிக் கொடுத்தது ஒரு கிலோ நானூற்றெண்பது கிராம்.